கொட்டை எழுத்தும் சோப்புச் சொட்டும்

2017ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழ்நாட்டு ஏடுகளைப் புரட்டியவர்கள் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். உலகிலேயே எடை குறைந்த செயற்கைக்கோள்! ஆக்கியவர் தமிழ் மாணவர்! கொட்டை எழுத்துக்களில் வந்தது. தொலைக்காட்சிகளில் இரவும் பகலும் ஒலித்தது. தேநீர்க் கடைப் பெஞ்சுகளில் பேச்சாயிற்று. கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்னும் பதினெட்டு வயது இளைஞரும் அவருடைய தோழர்களும், சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையுடன் ஆக்கிய கலாம்சாட் என்னும் சிறு பெட்டியைப் பற்றிய செய்தி அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. எடை 64 கிராம். அத்திங்கள் 22ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து வாலப்ஸ் தளத்திலிருந்து ஏவூர்தியில் ஏறி அது விண்ணைத் தொட்டது.

மகிழ்ந்தோம். ஏன் மகிழக் கூடாது? பள்ளப்பட்டிப் பிள்ளையின் கைவேலை நாசாவின் ஏவூர்தியில் ஏறிற்று என்றால் நமக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும். ஆனால் தோழர்களே, ஆரவாரம் அடங்கியபின் ஒரு கேள்வி மிஞ்சி நின்றது. அந்தப் பெட்டி செய்த வேலை என்ன?

அது பூமியைச் சுற்றப் போகிறது என்று ஏடுகள் பல எழுதின. சுற்றவில்லை, சுற்றுவதற்காக அனுப்பப்படவும் இல்லை. அதனை ஏற்றிச் சென்றது ஆய்வு ஏவூர்தி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஏறி, சில நிமிடங்களில் வளைந்து இறங்கி, அட்லாண்டிக் கடலில் விழும் வகையைச் சேர்ந்தது. பூமியைச் சுற்றும் பாதையில் நிலைத்து நிற்க வேண்டுமானால் உயரம் மட்டும் போதாது. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓட வேண்டும். ஆய்வு ஏவூர்தி அந்த வேகத்தைத் தருவதில்லை. மேலே எறிந்த கல்லைப் போல ஏறியது, இறங்கியது. அதே ஏவூர்தியில் பள்ளி மாணவர்களின் சின்னஞ்சிறு பெட்டிகள் ஏறத்தாழ எண்பது இருந்தன. கலாம்சாட் அவற்றுள் ஒன்று.

அப்படியானால் அது வெறும் விளையாட்டுத்தானா? அதுதான் இல்லை! கரி இழை கலந்த பிளாஸ்டிக்கை முப்பரிமாண அச்சில் வார்த்து ஒரு கூடு செய்தால், ஏவூர்தியின் அதிர்வையும் எடையற்ற நிலையையும் அது தாங்குமா என்பதே அந்த இளைஞர்கள் எழுப்பிய கேள்வி. நல்ல கேள்வி, கடல் கடந்து சென்று விடை தேடத் தகுந்த கேள்வி. அந்தக் கேள்வியை ஏடுகளில் தேடினோம். சில ஏடுகளில் கடைசிப் பத்தியில் ஒதுங்கி நின்றது. சிலவற்றில் அதுவும் இல்லை.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுவோம். ஜூன் 23ஆம் நாள், நம் காஞ்சிக்கு வடகிழக்கே கடலோரத்திலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-38 ஏவூர்தி கிளம்பிற்று. அதில் நியூசாட் என்னும் 15 கிலோ செயற்கைக்கோள் இருந்தது. குமரி மாவட்டத்து நூருல் இசுலாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. மெய்யாகவே பூமியைச் சுற்றியது. அதே ஏவூர்தியில் சென்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள்கள் இரண்டில், 'ஸ்பிரைட்' எனப் பெயரிட்ட, அஞ்சல்தலை போன்ற நுண்கலங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் எடை 4 கிராம்! எடைக் கணக்கையே பெருமைக் கணக்காக்கியவர்கள், ஒரே இரவு கடந்ததும் பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்துபோன பெருமையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இதில் அந்த இளைஞர்களின் குற்றம் ஏதுமில்லை. எடைப் பந்தயம் அவர்களுடைய ஆராய்ச்சியின் உயிர்நிலை அன்று; தலைப்பு எழுதியவர்களுக்கு அதுவே உயிர்நிலையாகிவிட்டது.

2009 ஏப்ரல் 20ஆம் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் விண்ணேறியது. 40 கிலோ எடை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று ஆக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. 2016 ஜூன் 22ஆம் நாள் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ஒன்றரைக் கிலோச் செயற்கைக்கோள் சென்றது. இவற்றின் பெயரை நம் வகுப்பில் கேட்டோம்; ஒரு கையும் உயரவில்லை. கலாம்சாட் என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. பின்னர் 2019 ஜனவரி 24ஆம் நாள், 1.26 கிலோ எடையுள்ள இரண்டாம் கலாம்சாட் பி.எஸ்.எல்.வி. சி-44இல் ஏறிப் பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அவ்விளைஞர்களுக்கு அது எத்துணைப் பெரிய முன்னேற்றம்! ஆனால் 2017லேயே சுற்ற வைத்துவிட்ட ஏட்டுக்கு, 2019இல் சுற்றுவது எப்படிச் செய்தியாகும்?

நாம் விஞ்ஞானி அல்லோம். கல்லூரியில் கலைப்பாடம் பயின்று பட்டம் பெற்று, செவிலிமேட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். ஆகவே ஆராய்ச்சிச் செய்தியைப் படிக்கும்போது நம் கண் முதலில் வினைச்சொல்லின் மீது விழும். ஆராய்ச்சி செய்யும் மாணவரின் குறிப்பேட்டில் என்ன வினைகள் இருக்கின்றன? எடுத்தோம், அளந்தோம், ஒப்பிட்டோம், திரும்பவும் அளந்தோம், ஐயுற்றோம். ஏட்டுக்கு வந்ததும் அவை என்னவாகின்றன? சாதித்தார், அசத்தினார், உலகை வியக்க வைத்தார்! விண்கற்களைத் தேடும் அனைத்துலகத் திட்டம் ஒன்றில் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தொலைநோக்கிப் படங்களை அலசி, நகரும் புள்ளிகளைக் குறித்து அனுப்புகின்றனர். அது முதற்கட்டக் குறிப்பு. வானியலார் மீண்டும் மீண்டும் நோக்கி, பாதையைக் கணக்கிட்டு, உறுதி செய்ய ஆண்டுகள் பல ஆகும். ஏட்டிலோ மறுநாளே 'விண்கல்லைக் கண்டுபிடித்தார்' என்று வந்துவிடுகிறது. குறித்தார் என்பதற்கும் கண்டுபிடித்தார் என்பதற்கும் இடையே கிடக்கும் ஆண்டுகளின் உழைப்பை ஒரு வினைச்சொல் விழுங்கிவிடுகிறது.

வினையை விழுங்கியபின் அந்த வெற்றிடத்தை நிரப்ப ஏதேனும் வேண்டுமல்லவா? ஒன்று அருள் வரும், அல்லது பிறவி மேதை வரும். கணித மேதை இராமானுசத்தை எண்ணிப் பாருங்கள். சிறுபிள்ளையாக நம் காஞ்சியிலும் சில காலம் வாழ்ந்தவர் அவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் இங்கு நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தார். அவர் பெயரைச் சொன்னதும் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்ன கதைதான் ஏடுகளில் முந்திக்கொண்டு வருகிறது. அவரே அவ்வாறு நம்பினார் என்பர். இருக்கட்டும், அது அவருடைய நம்பிக்கை. ஆனால் ஜார்ஜ் கார் என்பவர் தொகுத்த கணக்குச் சுருக்க நூலை இரவல் வாங்கி, அதிலுள்ள ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தாமே மெய்ப்பித்துப் பார்த்தவர் யார்? தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர் யார்? முழங்கை தேய்ந்தது மனிதனுக்கு. புகழ் போனது வேறு இடத்துக்கு.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை என்று எண்ண வேண்டா. நம் செவிலிமேட்டுக்கே வந்து சேர்ந்தது.

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றங்கரை ஊர் இது. ஆறு என்பது பெயரளவில். பல திங்கள்கள் மணல்தான். இன்று காஞ்சி மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி என்றாலும், தறி ஓசை கேட்கும் தெருக்கள் இன்னும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஓர் ஆய்வு செய்ய முன்வந்தனர். 1993இல் தொடங்கியது அம்மாநாடு. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதனை முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. உள்ளூர்ச் சிக்கலை எடுத்து, உள்ளூர்க் கருவிகொண்டு ஆராய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஐவருள் ஒருத்தியின் தந்தை கூலி நெசவாளி. தெருக்கோடியில் சாயம் போடும் மூதாட்டி ஒருவர், ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடாமல், சற்றுத் தொலைவிலுள்ள பழைய கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் எடுத்துவரச் செய்வதை இந்தப் பெண் நெடுநாளாகப் பார்த்திருக்கிறாள். ஏன் ஆயா என்று கேட்டபோது, "போர்த் தண்ணியில நூலு வெந்தா பளபளப்பு வராது கண்ணு" என்று மட்டும் விடை வந்ததாம். ஏன் வராது? அங்கே தொடங்கிற்று ஆராய்ச்சி.

கச்சாப் பட்டிழையின் மேல் இயற்கையான பசை ஒன்று படிந்திருக்கும். நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை கால்பங்கு வரை அந்தப் பசையே. சோப்பும் சோடாவும் இட்ட நீரில் நூலை வேகவைத்துப் பசையை நீக்கினால்தான் பட்டுக்கு மென்மையும் மினுமினுப்பும் வரும். சாயம் சீராக ஏறும். நீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிதிரியாக அழுக்குப் படிவாகி நூலில் ஒட்டிக்கொள்ளும். சாயம் திட்டுத் திட்டாகும். மூதாட்டிக்குச் சுண்ணாம்பும் தெரியாது, மக்னீசியமும் தெரியாது. ஆனால் பட்டு பேசிய மொழி தெரிந்திருந்தது.

ஐவரும் நான்கு இடங்களிலிருந்து நீர் எடுத்தனர். இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், தெருக் குழாய், அந்தப் பழைய கிணறு. ஒரே அளவு நீர், ஒரே வகைப் புட்டி. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை கலையாமல் நிற்க எத்தனை சொட்டு வேண்டியிருக்கிறது என்று எண்ணினர். ஒவ்வொன்றையும் மும்முறை செய்தனர். விஞ்ஞான ஆசிரியர் வழிகாட்டினார். அறிக்கையின் தமிழைத் திருத்தும் பணி மட்டும் நம்முடையது. திருத்த வேண்டியிருந்தது சந்திப்பிழைகளைத்தான். கருத்தை அவர்களே கல்லில் வெட்டியதுபோல் எழுதியிருந்தனர்: நாங்கள் எடுத்த நான்கு நீர்களுள் பழைய கிணற்று நீருக்கே மிகக் குறைந்த சொட்டுகள் தேவைப்பட்டன, ஆகவே இந்நான்கில் இதுவே மென்மையானது, மழைக்குப் பின் எடுத்தோம், கோடையில் எவ்வாறிருக்கும் என அறியோம், குடிக்கத் தக்கதா என்று சோதிக்கவில்லை.

மாவட்ட அளவில் தேர்ச்சி பெற்றதும் நாளேடு ஒன்றின் செய்தியாளர் வந்தார். அரைமணி நேரம் இருந்தார். மறுநாள் செய்தி வந்தது. அந்தக் கிணற்றைச் சுற்றி ஊரில் பழங்கதைகள் உண்டு. பிணி தீர்க்கும், பேய் ஓட்டும் என்ற வகை. நீரின் மென்மையும் அந்தக் கதையும் செய்தியில் ஒன்றாகிவிட்டன. புனிதக் கிணற்று நீரில் அற்புத ஆற்றல் இருப்பதை ஏழை நெசவாளியின் மகள் கண்டுபிடித்தாளாம்! குக்கிராமத்து மாணவியாம், மாநகராட்சிக்கு வரி கட்டும் வீட்டுப் பெண்! ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியில்லாத குடும்பமாம். நான்கு தோழர்களின் பெயர் இல்லை. மூதாட்டி இல்லை. சொட்டுக் கணக்கு இல்லை. அடுத்த இரு நாள்களில் தொலைக்காட்சிக்காரர் ஒருவரும், கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவோர் சிலரும் வந்தனர். நாளேட்டில் வந்ததையே அவளை மீண்டும் சொல்லச் சொன்னார்கள். கிணற்றுக்கு முன் கைகூப்பி நிற்கும்படி ஒருவர் கேட்டார். அவள் நிற்கவில்லை.

விளைவைக் கேளுங்கள். புட்டியும் கற்பூரமும் ஏந்தி மக்கள் கிணற்றடிக்கு வரத் தொடங்கினர். கண்நோய் கொண்ட முதியவர் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்து, எத்தனை நாள் கழுவ வேண்டும் என்று அந்தச் சிறுமியிடமே கேட்டார். நுரைக் கணக்கு எழுதிய பதினான்கு வயதுப் பெண் மருத்துவச்சியாகிவிட்டாள்! அவள் அச்சத்துடன், "மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கண்ணே, இது துணிக்குப் பார்த்த தண்ணி" என்று சொன்னாள். அவர் நம்பாமல் புட்டியை நிரப்பிக்கொண்டு போனார். அந்த முதியவரின் கண் என்னவாயிற்று என்பது இன்றுவரை அவளை உறுத்தும் கேள்வி. அடுத்த அடி வீட்டில் விழுந்தது. பாவு கொடுக்கும் முதலாளி அவளுடைய தந்தையை அழைத்து, "கஞ்சிக்கில்லாமலா உன்னை வைத்திருக்கிறேன்?" என்று கேட்டார். மானத்தோடு தறியில் அமர்ந்து உழைப்பவர் அவர். மகளைப் புகழ்ந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் தலைகுனிந்து நடந்தார். நான்கு தோழர்களும் சில நாள்கள் அவளோடு பேசவில்லை.

பாராட்டத்தானே எழுதினார்கள், அதில் என்ன குறை என்று நம் ஆசிரியர் அறையிலேயே கேட்டவர் உண்டு. குறை இதுதான். ஐந்து பிள்ளைகள் ஒரு மூட நம்பிக்கையின் அருகிலேயே நின்று, அதனைத் தொடாமல், சொட்டு எண்ணிச் சோப்பு நுரையின் துணையால் ஓர் உண்மையை எடுத்தனர். அந்த உண்மையையே அந்த மூட நம்பிக்கைக்குச் சான்றிதழாக ஆக்கிவிட்டது செய்தி. 'ஆராய்ச்சியே சொல்லிவிட்டது' என்று இப்போது பூசாரி சொல்ல முடியும். முன்பு அவரிடம் கதை மட்டுமே இருந்தது.

ஆராய்ச்சி மாணவரைச் செய்தி எவ்வாறு நடத்தும் என்பதற்கு, நமக்குத் தொலைவிலிருந்தும் ஒரு சான்று உண்டு. கல்வியிற் சிறந்த கேம்பிரிட்ஜ், ஆண்டு 1967. வட அயர்லாந்திலிருந்து வந்த ஜோசலின் பெல் என்னும் இருபத்து நான்கு வயது மாணவி, நாலரை ஏக்கர் பரப்பில் கம்பிகளும் கம்பங்களும் நட்ட வானொலித் தொலைநோக்கி ஒன்றைப் பிறருடன் சேர்ந்து தம் கையாலேயே எழுப்பினார். அது வரையும் கோடுகளைப் படிப்பதும் அவர் பொறுப்பே. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு அடி நீளத் தாள்! அந்த நீண்ட தாளில் கால் அங்குல அளவுக்கு ஒரு கீறல் ஒழுங்கின்றித் தெரிந்தது. வேறொருவராயின் விட்டிருப்பார். அவர் விடவில்லை, தாளை வேகமாக ஓடவிட்டு மீண்டும் பதிந்தார். 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு, தவறாமல்! வானிலிருந்து துடிக்கும் விண்மீன்களை, இன்று பல்சார் என உலகம் அழைப்பவற்றை, முதன்முதலில் கண்ட கண் அது.

1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. வேற்றுலக உயிர்களின் சைகையாக இருக்குமோ என்று ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்த்ததும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. போதாதா? ஏட்டாளர் திரண்டனர். துடிப்பின் பொருள் என்ன என்ற வினா அவருடைய பேராசிரியர் ஆண்டனி ஹியூவிஷிடம் சென்றது. கண்டவரிடம் என்ன கேட்டனர்? காதலர் எத்தனை பேர், கூந்தலின் நிறம் என்ன, இளவரசி மார்கரெட்டைவிட உயரமா, உடலின் சுற்றளவுகள் யாவை! சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றும்படி படமெடுப்பவர் கேட்டதையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆய்வேட்டை இன்னும் முடிக்காதவர், வேலை தேட வேண்டியவர், சான்றுரைக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவர். அப்படிப்பட்ட மாணவி முகத்திலறைந்தாற்போல் எப்படி மறுமொழி கூறுவார்? 1974இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் சென்றது. ஏட்டாளரின் கேள்விகளே பரிசை மாற்றின என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் யாரிடம் எந்த வினாவைக் கேட்பது என்பதில் உலகம் ஏற்கெனவே ஒரு முடிவு செய்திருந்தது என்பது அந்தப் பேட்டிகளில் தெரிகிறது அல்லவா? ஐம்பது ஆண்டு கழித்து, 2018இல், 30 இலட்சம் டாலர் பரிசு ஒன்று அவரைத் தேடி வந்தது. முழுவதையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களின் உதவித்தொகைக்காக வழங்கிவிட்டார்.

செவிலிமேட்டுச் சிறுமியிடமும் கேட்டனரே, வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரியும் என்று! கேம்பிரிட்ஜில் கூந்தல், காஞ்சியில் கஞ்சி. ஆராய்ச்சியைத் தவிர மற்றெல்லாம் வினாவாகும்.

எல்லாச் செய்தியும் இப்படித்தான் முடியும் என்று நம்பிக்கை இழப்பதும் தவறு. அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா ஒன்பது வயதில் பள்ளிக்காக ஓர் ஆய்வு செய்தாள். உடலைத் தொடாமல், மேலே கையை அசைத்தே நோய் தீர்ப்பதாகச் சொல்லும் முறை ஒன்று அங்கே பரவியிருந்தது. அட்டைத் தடுப்பின் துளைகளில் அவர்கள் இரு கைகளையும் நீட்ட, எமிலி காசைச் சுண்டிப் பார்த்து, அவற்றுள் ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 21 பேர், 280 முறை, சரியாகச் சொன்னது 123 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி வந்திருக்கும்! 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. குழந்தையின் வயதைச் சொல்லி வியந்தவர்களும் இருந்தனர், அதே வயதைச் சொல்லி எள்ளியவர்களும் இருந்தனர். ஆயினும் அந்த எண்கள் செய்தியோடு ஒட்டிக்கொண்டே சென்றன. அட்டை, காசு, 280, 123. இவற்றை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஆராய்ச்சியின் அமைப்பே செய்திக்கு முதுகெலும்பாகிவிட்டது.

ஏடு நம் பகை அன்று. ஏட்டின் வழியாகத்தான் நாமே படித்தோம், விழித்தோம். செய்தியாளர் நிலையையும் எண்ண வேண்டும்: ஒரே நாளில் சாலை மறியல், கோயில் தேர், கொலை வழக்கு, மாணவர் ஆராய்ச்சி நான்கையும் எழுதி மாலைக்குள் அனுப்பியாக வேண்டிய எளிய ஊழியர் அவர். தலைப்பை எழுதுபவர் வேறொருவர்; அவர் செவிலிமேட்டைப் பார்த்ததே இல்லை. ஆகவே, ஆராய்ச்சி செய்யும் இளந்தோழர்களே, செய்தியாளரைக் கண்டு ஓடாதீர்கள். அவர் வருமுன் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். என்ன கேட்டோம், எவ்வாறு அளந்தோம், எவ்வளவு வந்தது, யார் யார் செய்தோம் என்று எழுதுங்கள். எதைச் செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் முதியவரின் கண்ணைக் காக்கும் வரி. எண்களைத் திரும்பப் படித்துக் காட்டும்படி கேளுங்கள்; நாணம் வேண்டா. குடும்ப வறுமையைப் பற்றிக் கேட்டால் சொல்வதும் சொல்லாதிருப்பதும் உங்கள் உரிமை. ஆசிரியர்களாகிய நாமும் பள்ளியின் பெயர் ஏட்டில் வர வேண்டும் என்ற ஆசையில் பிள்ளையைத் தனியே படக்கருவிக்கு முன் தள்ளிவிட்டு ஒதுங்கக் கூடாது.

நம் பிள்ளைகள் இவ்வளவும் யாரும் சொல்லித்தராமலே ஒன்று செய்தனர். ஐவரும் மீண்டும் கூடினர். கூட்டி வைத்தது அந்த மூதாட்டிதான்; "நாலு புட்டி குலுக்கினது அஞ்சு பேரு, கோவம் மட்டும் ஏன் தனித்தனியா?" என்றாராம். நாளேட்டுக்கு மறுப்புக் கடிதம் எழுதினர். ஒரு பக்கமே, வசைச்சொல் ஒன்றும் இல்லை. வெளிவரவில்லை. இரு வாரம் பார்த்துவிட்டு, பெரிய தாளில் நான்கு புட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் சொட்டுக் கணக்கை எழுதி, 'இந்நீர் மருந்தன்று; குடிக்கலாமா என்று நாங்கள் சோதிக்கவில்லை; நுரை வருவதை மட்டுமே சோதித்தோம்' எனச் சிவப்பு மையில் எழுதி, ஐவர் பெயரும் இட்டு, கிணற்றடிச் சுவரில் ஒட்டினர். யாரோ கிழித்தனர். மறுபடி ஒட்டினர். ஞாயிறுதோறும் சோப்புக் கரைசலும் புட்டியுமாக அங்கே நின்று, வந்தவர்களுக்குக் குலுக்கிக் காட்டினர். கற்பூரத்தோடு வந்த சிலர் புட்டியைத் தாமே வாங்கிக் குலுக்கிப் பார்த்து, தம் வீட்டுக் குழாய் நீரையும் கொண்டு வந்தனர். ஆயாவிடம் சாயத்துக்குக் கொடுக்கும் நெசவாளர்கள் இருவர் தங்கள் நீரைச் சோதித்துத் தரும்படி கேட்டனர். பாவு கொடுக்கும் முதலாளியும் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல், தம் கடைக் கிணற்று நீரை ஒரு செம்பில் அனுப்பினார்.

மே திங்களில் மீண்டும் நீர் எடுத்தனர். பாலாறு மணலாகக் கிடந்தது; கிணற்றில் நீர் அடிக்குச் சென்றிருந்தது. இம்முறை பழைய கிணற்று நீருக்கு முன்னைவிட அதிகச் சொட்டுகள் வேண்டியிருந்தன. தெருக் குழாய் நீரைவிட ஓரிரு சொட்டே குறைவு. அற்புத ஆற்றல் கோடை விடுமுறைக்குப் போய்விட்டது போலும்! அந்த எண்களைக் கேட்டு எந்த ஏட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. சுவரிலுள்ள தாளில் முதல் வரிசைக்குக் கீழே இரண்டாம் வரிசையாக, திங்களைக் குறித்து, அவற்றையும் எழுதி ஒட்டியிருக்கின்றனர்.